ஜப்பானியக் கிராமத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து ஜெட் திட்டத்தில் ஜப்பானுக்கு வந்து, நீகாட்டா மாகாணத்தின் தெற்கு மலைப்பகுதியில் துணை ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். ஒரு நடுநிலைப் பள்ளி, சுற்றியுள்ள சில தொடக்கப் பள்ளிகள். சொந்தக்காரர்களும் விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகளும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். டோக்கியோ வாழ்க்கையைப் பற்றி இதில் எதுவும் இருக்காது. அதற்கு அங்கே வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்.

ஜெட் திட்டம் என்றால் என்ன?

வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பானியப் பள்ளிகளுக்கும் நகராட்சி அலுவலகங்களுக்கும் அழைத்துவரும் அரசுத் திட்டம். 1987இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கியது. இப்போது 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறார்கள். மிகப் பெரும்பாலோர் பள்ளியில் துணை ஆசிரியர்கள், ஏ.எல்.டி. என்பார்கள். மற்றவர்களுக்கு நகராட்சியில் மொழிபெயர்ப்பு, விருந்தினர் உபசரிப்பு போன்ற வேலைகள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகம். சம்பளம் கொடுப்பது நீங்கள் போய்ச்சேரும் ஊரின் கல்வி வாரியம். அதாவது உங்கள் மேலதிகாரி டோக்கியோவில் உட்கார்ந்திருப்பவர் அல்லர். முதல் நாள் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வங்கிக் கணக்கு திறந்து, கைப்பேசி வாங்கிக்கொடுத்து, வெந்நீர் எப்படி வரும் என்று காட்டிவிட்டுப் போகிற அந்த நகராட்சி ஊழியர்தான். அவரிடம் நல்ல பெயர் எடுங்கள்.

இந்தியாவிலிருந்து வர முடியுமா?

ஜெட் வழியாக என்றால் டெல்லித் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். எந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஆண்டுதோறும் மாறும். ஜெட்டுக்கு வெளியேயும் வழி உண்டு. பல நகராட்சிகள் தனியார் நிறுவனங்கள் மூலமாக ஏ.எல்.டி.களை எடுக்கின்றன. அங்கே விசாவுக்கான முக்கிய விதி ஒன்று: எந்த மொழியைக் கற்பிக்கப்போகிறீர்களோ அந்த மொழியிலேயே 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் பள்ளியும் கல்லூரியும் முடித்தவர்கள் சான்றிதழ்களைக் காட்டி இதை நிரூபிக்கலாம். தனியார் நிறுவனங்களில் சம்பளம் குறைவு. பள்ளி விடுமுறை மாதத்தில் சம்பளத்தைக் குறைப்பவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் மாதச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊரை நாமே தேர்ந்தெடுக்கலாமா?

விருப்பத்தை எழுதலாம். கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கியோத்தோ கேட்டவர்கள் ஹொக்கைடோவில் பால் பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறார்கள்.

ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

விண்ணப்பிக்கத் தேவையில்லை, வாழத் தேவை. ஹிராகனா, கத்தகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளையும் விமானம் ஏறுமுன்பே முடித்துவிடுங்கள். ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும். நம் வாக்கிய அமைப்பும் ஜப்பானிய வாக்கிய அமைப்பும் நெருக்கமானவை. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். எனவே ஆங்கிலேய நண்பர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் நமக்குச் சிரமமே இருக்காது. மொழியியல் அறிஞர் ஓனோ சுசுமு (1919–2008) இந்த ஒற்றுமையை வைத்து ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்றே வாதிட்டார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் சிலருக்கு அவர் பெயர் நினைவிருக்கிறது, "தமிழா!" என்று கண்கள் விரிய ஒரு மணிநேரம் பேசுவார்கள். எது சரி, எது தவறு என்று வாதாடாமல் தேநீரைக் குடியுங்கள்.

காஞ்சி என்ற சீன எழுத்துகள்தான் கடினம். நகராட்சியிலிருந்து வரும் கடிதங்களைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் படிக்கும் நிலை நெடுநாள் நீடிக்கும்.

வகுப்பில் என்னதான் செய்வீர்கள்?

நடுநிலைப் பள்ளியில் ஜப்பானிய ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து நிற்பேன். இலக்கணம் அவருடையது. உச்சரிப்பு, உரையாடல், விளையாட்டு, பேச்சுப்போட்டிப் பயிற்சி என்னுடையவை. சிலர் உங்களை வெறும் ஒலிப்பதிவுக் கருவியாக வைத்துக்கொள்வார்கள்: பாடத்தை ஒருமுறை வாசி, நிறுத்து. சிலர் வகுப்பையே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் தயாராக இருங்கள். முதல் வகையினரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு அவர் கழுத்தில் இருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் கதை வேறு. 2020 முதல் 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பாடவேளை. 3, 4ஆம் வகுப்புகளுக்கு 35 பாடவேளை, மதிப்பெண் கிடையாது. வகுப்பாசிரியரே ஆங்கிலமும் எடுக்க வேண்டும். அவர்களில் பலர் தாங்களாக விரும்பி ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள் அல்லர். கணக்கும் தையலும் நீச்சலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரின் தலையில் இதுவும் விழுந்திருக்கிறது. அங்கே நீங்கள் பெரிய ஆதரவு. உங்கள் வேலைக்கு உண்மையான பலன் தெரிவது நடுநிலைப் பள்ளியில் அல்ல, இங்கேதான் என்பது என் எண்ணம்.

வகுப்பு இல்லாத நேரத்தில்?

ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் பல ஊர்களில் நீங்கள் மேசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆண்டு விடுப்பு எழுதிக்கொடுக்க வேண்டும். மொழி படிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அந்த அறையின் நடைமுறை பிடிபடச் சில மாதம் ஆகும். அறை முழுவதையும் பார்க்கும் இடத்தில் துணைத் தலைமையாசிரியர் அமர்ந்திருப்பார். பள்ளியில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் உள்ளே வரும்போது எல்லோருக்கும் பொதுவாக உரக்க வணக்கம். வெளியூர் போய் வந்தால் தனித்தனி உறையிட்ட இனிப்புப் பெட்டி ஒன்று, ஆளுக்கு ஒன்றாக மேசையில் வைக்க வேண்டும். மாலையில் மற்றவர்களை விட்டு முன்னதாகக் கிளம்பும்போது "முன்னே போகிறேன், மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். உங்கள் ஒப்பந்தம் வாரத்துக்கு 35 மணிநேரம்தான். மற்ற ஆசிரியர்கள் இரவுவரை இருப்பார்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம், கிளம்புங்கள். விளையாட்டுக் குழுப் பயிற்சி நடக்கும் இடத்தில் பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு அதுவே பெரிது.

மதியச் சாப்பாடு? நான் சைவம்.

இது கொஞ்சம் நீண்ட பதில்.

பள்ளி மதிய உணவைக் கியூஷோக்கு என்பார்கள். 1954இல் இதற்கென்றே சட்டம் வந்தது. சோறு, ஒரு கறி அல்லது மீன், காய், மிசோ சூப், அதோடு 200 மில்லி பால். வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிய பிள்ளைகளே பெரிய அண்டாக்களை வகுப்புக்குத் தூக்கிவந்து பரிமாறுவார்கள். எல்லோர் தட்டும் நிறைந்தபின் கைகூப்பி "இத்தடகிமாசு" சொன்னால்தான் முதல் கவளம். பிள்ளைகளுக்குப் போவதற்கு முன்பே தலைமையாசிரியர் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிடுவார். அது அவர் கடமைகளில் ஒன்று. ஆசிரியர்களும் இதையே காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்.

சோற்றோடு பால் எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. இதே கேள்வி இங்கேயும் எழுந்தது. இந்த மாகாணத்தின் சான்ஜோ நகரம் சோற்றுச் சாப்பாட்டுக்குப் பால் பொருந்தவில்லை என்று 2014 டிசம்பர் முதல் சில மாதம் பாலை நிறுத்தியே பார்த்தது. நாடு முழுக்கச் செய்தியாயிற்று.

சைவத்துக்கு வருவோம். கறி, மீன் துண்டைத் தட்டிலிருந்து ஒதுக்கினால் போதாது. சூப்பிலும் வேகவைத்த கீரையிலும் சூரை மீன் துருவலில் எடுத்த சாறு இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, பல நேரம் சமைத்தவரும் அதை மீனென்று கணக்கில் கொள்ள மாட்டார். கண்டிப்பான சைவர் என்றால் கியூஷோக்கை முதலிலேயே மறுத்துவிட்டு வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் "கொஞ்சம் சாப்பிடுவேன், சில நாள் சாப்பிடமாட்டேன்" என்று குழப்பாதீர்கள். மாதப் பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடும், தட்டுக் கணக்கு ஒன்றுகூட மாறாது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கு அந்த மாதப் பட்டியலே வேதம். குறிப்பாகக் குழம்புச்சோறு (கறி ரைஸ்) நாளன்று கவனம்.

ஆசிரியரும் தரை துடைக்க வேண்டுமாமே?

ஆமாம். தினமும் 15, 20 நிமிடம். பாட்டுப் போட்டவுடன் பிள்ளைகள் துணியோடு குனிந்து நடைபாதையில் ஓடுவார்கள். நீங்களும் ஒரு துணியை எடுங்கள். கால்சட்டை முட்டியில் நைந்துபோகும், பரவாயில்லை. வகுப்பில் வாயே திறக்காத பையன் அப்போதுதான் உங்களிடம் பேசுவான்.

பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?

குறைந்துகொண்டே போகிறார்கள். நான் போகும் பள்ளிகளில் ஒன்றில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே அறையில் நடத்துகிறார்கள். இரண்டு வகுப்பிலும் சேர்த்துப் பிள்ளைகள் 16 பேருக்கு மேல் இல்லையென்றால் ஒன்றாக்கலாம். அதில் முதல் வகுப்பு இருந்தால் வரம்பு 8. ஆசிரியர், அந்த வகுப்பறையின் ஒரு முனையில் ஒரு வகுப்புக்கும் மறுமுனையில் இன்னொரு வகுப்புக்குமாக மாறி மாறி நடப்பார். ஆங்கில வகுப்புக்கு இது ஒருவிதத்தில் வசதிதான். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 450 பொதுப்பள்ளிகள் மூடப்படுகின்றன என்று கல்வி அமைச்சே சொல்கிறது. இந்த வட்டாரத்தில் மூடிய பள்ளிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க விரும்பினால் தோக்காமாச்சி நகரப் பக்கம் வாருங்கள். 2000 முதல் இங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை எச்சிகோ-ட்சுமாரி கலைவிழா நடக்கிறது. மலைக் கிராமங்களில் வயல், காலி வீடு, மூடிய பள்ளி எல்லாமே காட்சிக்கூடம்தான். மாட்சுனோயாமாவில் ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடம் முழுவதையும் கிறிஸ்டியான் போல்தான்ஸ்கியும் ஜான் கால்மானும் 2006இல் கலைப்படைப்பாக்கினார்கள்: இருட்டு, வைக்கோல் வாசம், மங்கிய மின்விளக்குகள், மின்விசிறிகள். டோக்கியோவிலிருந்து வருபவர்கள் அழகு என்கிறார்கள். அதே பள்ளியில் படித்தவர்கள் உள்ளே போக விரும்பாததையும் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரரைத்தானே எதிர்பார்ப்பார்கள்? நம்மை எப்படி நடத்துகிறார்கள்?

எதிர்பார்ப்பு இருக்கிறது, மறைப்பானேன். பாடநூல் படங்களில் வேறு நிறப் பிள்ளைகள் வந்தாலும் "ஆங்கிலம்" என்றவுடன் மனதில் வரும் முகம் ஒன்றுதான். முதல் நாள் சிறு பிள்ளைகள் என் கையைத் தேய்த்துப் பார்த்தார்கள். "தினமும் குழம்புச்சோறா?", "யானை இருக்கிறதா?", "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று வரிசையாகக் கேள்விகள். சிங்கப்பூர்க்காரன் தமிழன் எப்படி, தமிழன் ஆங்கிலம் பேசுவது எப்படி என்று பெரியவர்களுக்கும் விளக்க வேண்டியிருந்தது. ஒரு உலகப்படத்தை வைத்து இதையே என் முதல் பாடமாக்கிவிட்டேன். ஆண்டுதோறும் அதைத்தான் எடுக்கிறேன்.

ஊர் சின்னது என்பதால் புதுமை சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. சில மாதத்தில் நீங்கள் "அந்த வெளிநாட்டுக்காரர்" என்பதிலிருந்து "நம் பள்ளி சென்செய்" (ஆசிரியர்) ஆகிவிடுவீர்கள். வெளியூர்க் கடைக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வீடு வாடகைக்குத் தேடும்போது "வெளிநாட்டவருக்கு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வதும் ஜப்பானில் நடக்கும். கிராமத்தில் கல்வி வாரியமே வீடு பார்த்துக் கொடுப்பதால் அந்தத் தலைவலி எனக்கு வரவில்லை.

வீடு எப்படி இருக்கும்?

பழையதாக, மலிவாக, குளிராக. மரவீடுகளில் சுவர் மெல்லியது. வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி கிடையாது. நீங்கள் இருக்கும் அறையை மட்டும் மண்ணெண்ணெய் விசிறி அடுப்பால் சூடாக்குவீர்கள். மூன்று மணிநேரத்தில் அது தானே அணைந்துவிடும், பாதுகாப்புக்காக. மண்ணெண்ணெயைப் பெட்ரோல் நிலையத்தில் 18 லிட்டர் சிவப்புக் கேனில் வாங்கிவர வேண்டும். கொத்தாட்சு என்ற, அடியில் சூடேற்றியும் மேலே மெத்தையும் உள்ள குட்டை மேசைக்குள் காலை நீட்டிவிட்டால் எழுந்திருக்க மனம் வராது. கடுங்குளிர் இரவுகளில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாயில் தண்ணீரை வடித்துவிட்டுப் படுக்க வேண்டும். இதை அக்கம்பக்கத்தாரே வந்து சொல்லிவிடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் நாற்றப்பூச்சிகள் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் நுழையும். நசுக்காதீர்கள். ஒட்டும் நாடாவால் எடுங்கள்.

பனி உண்மையிலேயே அவ்வளவு இருக்குமா?

படத்தில் பார்த்ததை மறந்துவிடுங்கள். ஜப்பான் கடலைக் கடந்துவரும் சைபீரியக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இந்த மலைகளில் மோதுகிறது. இரண்டு மீட்டர் தேங்குவது இங்கே செய்தியே இல்லை. 2022 பிப்ரவரியில் பக்கத்து ஊரான த்சுனானில் நான்கு மீட்டரைத் தாண்டியது. ஆனாலும் பள்ளி மூடுவதில்லை! விடியுமுன்பே பனி அகற்றும் வண்டிகள் வந்துவிடும். சாலையில் பதித்த சிறு துளைகளிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சியடித்துப் பனியைக் கரைக்கும். 1960களின் தொடக்கத்தில் பக்கத்து நாகாவோக்காவில் பிறந்த உத்தி இது. நிலத்தடி நீரில் இரும்பு இருப்பதால் சாலைகள் துருநிறம். ஓரமாக நடந்தால் கால்சட்டை நனையும். ரப்பர் நீள்காலணி இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள்.

உங்கள் வாசலை நீங்களே வாரிப்போட வேண்டும். அதற்கு "மாமாசான் டம்ப்" என்ற அகன்ற தள்ளுகரண்டி உண்டு. தூக்காமல் தள்ளிக்கொண்டே போகலாம், முதுகு தப்பும். கூரையில் மட்டும் தனியாக ஏறாதீர்கள். ஒவ்வொரு குளிர்காலமும் பனி அகற்றும்போது விழுந்தும் புதைந்தும் இறப்பவர்கள் உண்டு, பெரும்பாலும் முதியவர்கள். கயிறு கட்டி, கீழே ஒரு ஆள் நிற்கத்தான் ஏறுவார்கள்.

மாட்சுனோயாமாவில் ஜனவரி 15 அன்று புது மாப்பிள்ளைகளைத் தூக்கிப் பனிச்சரிவில் உருட்டிவிடுவார்கள். பிறகு ஊரே ஒருவர் முகத்தில் ஒருவர் கரியும் பனியும் குழைத்துப் பூசிக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் விலக்கில்லை. வெள்ளை உடையில் போகாதீர்கள்.

கார் வேண்டுமா?

இந்த மாதிரி ஊரில் கட்டாயம். சாலையில் இடப்பக்கம் ஓட்டுவதால் நமக்குப் பழக்கம் மாறாது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இருப்பதால் அங்கே பெறும் பன்னாட்டு உரிமம் இங்கே ஓராண்டு செல்லும். அதற்குள் ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டும். 2025 அக்டோபர் முதல் அந்தத் தேர்வு கடினமாகிவிட்டது: எழுத்துக் கேள்விகள் 10இலிருந்து 50 ஆயின, 45 சரியாக இருக்க வேண்டும். ஓட்டும் தேர்வில் முதல் தடவையே தேறுபவர்கள் குறைவு. ஓராண்டு முடியும்வரை காத்திருக்காமல் சீக்கிரம் தொடங்குங்கள்.

மஞ்சள் எண்பலகை கொண்ட 660 சி.சி. சின்னக் கார் போதும். நான்கு சக்கர இயக்கம் உள்ளதாகப் பாருங்கள். குளிர்கால டயர் தனியாக ஒரு தொகுதி வேண்டும். நவம்பர் இறுதிக்குள் மாட்டிவிட வேண்டும். கார் வாங்கும் விலையைவிட இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனைச் செலவுதான் பயமுறுத்தும். கார் வாங்கும்போது பரிசோதனை இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்று கேளுங்கள்.

குப்பை போடுவதில் அவ்வளவு கட்டுப்பாடா?

ஆமாம். நகராட்சிப் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் வாங்கி, பல ஊர்களில் உங்கள் பெயரையும் எழுதி, குறித்த நாள் காலையில் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். தவறாகப் பிரித்தால் பையில் ஒரு ஒட்டுத்தாளோடு அங்கேயே கிடக்கும். யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

அக்கம்பக்கத்தார் எப்படி?

வாசலில் முள்ளங்கி வைத்துவிட்டுப் போவார்கள். கோடையில் வெள்ளரி, கத்தரி, தக்காளி, இலையுதிர்காலத்தில் சீனிக்கிழங்கு. யார் வைத்தார் என்று பெயர் இருக்காது. கண்டுபிடித்து நன்றி சொல்வது உங்கள் பொறுப்பு. பாத்திரத்தில் வந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்பது நமக்கும் தெரிந்ததுதான். நான் வடையோ சுண்டலோ போட்டுக் கொடுப்பேன். காரம் குறைத்து.

கைமாறிக் கைமாறி வரும் சுற்றறிக்கைக் கோப்பு ஒன்று உண்டு. முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். புரியாவிட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். ஊர்ச்சங்கத்துக்குச் சந்தா உண்டு. கோடையில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து சாலையோரப் புல்லையும் வாய்க்காலையும் சுத்தம் செய்ய வேண்டும். விலக்குக் கேட்டால் தருவார்கள், கேட்காதீர்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் அரிவாளோடு நிற்கும் இடத்தில் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அரைமணி நேரம் குனிந்து நின்றாலே அந்த ஆண்டு முழுவதும் உங்களுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்வார்கள். வகுப்பில் நான் எப்படிக் கற்பிக்கிறேன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. புல் வெட்ட வந்தேனா என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நேற்று மாலை எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள், உங்கள் கார் எங்கே நின்றது என்பது மாணவர்கள்வரை தெரிந்திருக்கும். யாருக்கும் தெரியாமல் வாழப் பிடித்தவர்களுக்கு இந்த ஊர்கள் ஒத்துவராது.

விருந்துகளில் குடித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஊலாங் தேநீர் கேளுங்கள், யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் விருந்துக்குப் போங்கள். பள்ளியில் ஒரு வார்த்தை பேசாத கணக்காசிரியர் அங்கேதான் வாய் திறப்பார். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள். குடித்திருந்தால் காரைத் தொடாதீர்கள். 2007 சட்டத்திருத்தத்துக்குப் பின் ஓட்டியவரோடு, ஊற்றிக்கொடுத்தவருக்கும் கூட உட்கார்ந்து வந்தவருக்கும் தண்டனை உண்டு. ஆசிரியர் என்றால் வேலையும் போகும். உங்களையும் உங்கள் காரையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு ஓட்டுநர்களோடு வரும் வாடகைச் சேவை உண்டு.

நம் சாப்பாட்டுக்கு என்ன வழி?

பருப்பு, புளி, பொன்னி அரிசி எல்லாம் இணையக் கடைகளிலிருந்து தபாலில் வரும். டோக்கியோவின் நிஷி-கசாயில் இந்தியர்கள் அதிகம். அங்கே போகும்போது ஒரு பெட்டி நிறைய வாங்கி அனுப்பிவிடலாம். பச்சைக் கறிவேப்பிலைதான் ஏக்கம்.

உள்ளூர் அரிசி கோஷிஹிகாரி. ஜப்பானிலேயே பேர்போனது. குட்டையாக, பசையாக இருக்கும். சாம்பாருக்குச் சரிவராது என்று முதலில் முகம் சுளித்தேன். தயிர்ச்சோற்றுக்கு இதைவிட நல்ல அரிசி கிடையாது என்பது இப்போது என் கட்சி. விவசாயிகள் 30 கிலோ மூட்டையாகத் தவிட்டோடு தருவார்கள். சாலையோரத்தில் காசு போட்டால் அரிசியைத் தீட்டிக்கொடுக்கும் சின்ன அறை இருக்கும். தேவைக்குத் தக்க அவ்வப்போது தீட்டிக்கொள்ளலாம்.

நிலநடுக்கம், கரடி?

இரண்டும் உண்டு. இந்த வட்டாரத்தில் 2004 அக்டோபர் 23 அன்று 6.8 அளவு நிலநடுக்கம் வந்தது; ஊர்க்காரர்கள் இன்றும் எதையும் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் பேசுகிறார்கள். பள்ளியில் பயிற்சி ஒழுங்காக நடக்கும். வீட்டில் அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள், படுக்கையருகே காலணி வையுங்கள்.

2011 சுனாமியில் ஜெட் ஆசிரியர்கள் இருவர் இறந்தார்கள். இஷினோமாக்கியில் டெய்லர் ஆண்டர்சன், ரிக்குசென்தக்காத்தாவில் மான்ட்கோமரி டிக்சன், இருவரும் அமெரிக்கர்கள். டெய்லரின் பெற்றோர் மகளின் நினைவாக அந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆங்கில நூல்களோடு வாசிப்பு மூலைகள் அமைத்தார்கள். அந்தப் புத்தக அலமாரிகளைச் செய்தவர், டெய்லரிடம் படித்த தன் மூன்று பிள்ளைகளையும் சுனாமியில் இழந்த ஒரு தச்சர்.

கரடி விஷயம் விளையாட்டல்ல. 2023 நிதியாண்டில் ஜப்பான் முழுவதும் 219 பேரைக் கரடி தாக்கியது. கரடியைப் பார்த்தால் ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்; பிள்ளைகள் பையில் மணி கட்டிக்கொண்டு நடப்பார்கள். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தனிமையாக இருக்காதா?

இருக்கும். குறிப்பாகப் பிப்ரவரி. ஐந்து மணிக்குமேல் இருட்டத் தொடங்கி, பனிச்சுவருக்குள் ஊரே அடங்கிவிடும்போது வீட்டுக்குத் தொலைபேசினால் இன்னும் மோசமாகும். வாரத்தில் ஒரு மாலையாவது வெளியே இழுக்கும் ஏதாவதொன்றில் சேருங்கள்: மேளம், கைப்பந்து, பனிச்சறுக்கு, ஊர் மண்டபத்துப் பாட்டுக் குழு. வெந்நீர் ஊற்றுக் குளியலும் உதவும். உடையில்லாமல் குளிக்கும் கூச்சம் ஓரிரு தடவையில் போய்விடும். மற்ற ஏ.எல்.டி.களோடு மட்டுமே பழகுபவர்கள் சீக்கிரம் திரும்பிப் போகிறார்கள், நான் பார்த்தவரையில்.

சம்பளம்?

ஜெட் முதலாண்டு ஊதியம் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 40,20,000 யென். அதற்கு முன்பு 33,60,000. வரியும் காப்புறுதியும் ஓய்வூதியச் சந்தாவும் பிடித்தது போக வருவதில் கிராம வாடகை குறைவென்பதால் மிச்சம் பிடிக்கலாம். கார் இல்லையென்றால் நிறையவே பிடிக்கலாம், ஆனால் கார் இல்லாமல் முடியாது. யென் விழுந்துகிடக்கும்போது ஊருக்குப் பணம் அனுப்ப மனம் வலிக்கும்.

எத்தனை ஆண்டு இருக்கலாம்? கிளம்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஜெட்டில் ஆண்டுக்கொருமுறை புதுப்பித்து அதிகபட்சம் ஐந்தாண்டு. நீங்கள் போகாவிட்டாலும் மற்றவர்கள் போய்விடுவார்கள். ஜப்பானிய ஆசிரியர்களுக்கு மார்ச் மாத இறுதியில் இடமாற்றப் பட்டியல் வரும். நெருங்கிப் பழகியவர் பத்து நாளில் வேறு ஊருக்கு மாறியிருப்பார்.

கிளம்பும்போது ஓய்வூதியச் சந்தாவின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஐந்தாண்டு வரையிலான சந்தாவைக் கணக்கில் கொள்வார்கள். ஜப்பானைவிட்டுப் போன இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் 20.42 விழுக்காடு வரி பிடிப்பார்கள். அதையும் திரும்பக் கேட்கலாம், ஆனால் ஜப்பானில் உங்கள் சார்பாக வரி அலுவலகத்துக்கு ஒருவரை நியமித்துவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் ஆசிரியர் அறை நண்பர் யாராவது ஒத்துக்கொள்வார்கள், கிளம்பும் வாரத்தில் கேட்காமல் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். முந்தைய ஆண்டு வருமானத்துக்கான உள்ளூர் வரி ஜூனில் வரும். அதைக் கட்டாமல் போனால் மாட்டிக்கொண்டு முழிப்பவர் உங்கள் கல்வி வாரிய அலுவலர்தான். காரை அடுத்து வருபவருக்கு விற்பதென்றால் பெயர் மாற்றத்தைப் போகுமுன்பே முடித்துவிடுங்கள்.